சுவருக்குப் பின்னால் இருக்கும் பாதி

1920களின் கடைசியில் வாலி பையம் என்ற அமெரிக்கர் ஃபோர்டு மாடல் டி காரின் அடிச்சட்டம் ஒன்றை வாங்கி, அதன்மேல் பலகை அடித்து, பலகைமேல் கூடாரம் கட்டினார். போகிற இடமெல்லாம் அதை விரித்து நிறுத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மழை பிடித்துக்கொண்டால் கேட்கவே வேண்டாம். சமையலறை இல்லாத இடத்துக்கு நான் வர மாட்டேன் என்று மனைவி மேரியன் சொல்லிவிட்டார் என்பது ஏர்ஸ்ட்ரீம் நிறுவனம் தன் பிறப்புக் கதையாகச் சொல்லிவருவது. பையம் கூடாரத்தைப் பிரித்துப் போட்டுவிட்டு, நீர்த்துளி வடிவில் நிலையான கூடு ஒன்றைச் செய்தார். உள்ளே ஒரு சின்ன ஐஸ் பெட்டி, ஒரு மண்ணெண்ணெய் அடுப்பு. 1931இல் அது கம்பெனி ஆயிற்று.

அதற்கும் முன்னால், 1866இல், டெக்சாஸில் மாட்டு மந்தைகளை நெடுந்தூரம் ஓட்டிச் சென்ற சார்லஸ் குட்நைட், ராணுவம் கழித்த வண்டி ஒன்றின் பின்புறத்தில் இழுப்பறைகள் வைத்த பெட்டியைப் பொருத்தினார். பெட்டியின் கதவைக் கீழே மடக்கினால் அதுவே மேசை. மாவு, காப்பிக்கொட்டை, பீன்ஸ், உப்புக்கண்டம் எல்லாம் அதற்குள். வீட்டுக்குச் சக்கரம் வைத்தார்கள் என்று பொதுவாகச் சொல்கிறோம். சக்கரத்தின்மேல் முதலில் ஏறியது அடுப்படிதான் என்று எனக்குத் தோன்றுகிறது. கட்டிலும் கூரையும் குளியலறையும் அதன் பின்னால் வந்து சேர்ந்தவை.

இன்று ஆர்.வி. என்று அமெரிக்கர்கள் அழைக்கும் வண்டி வீடுகளுக்குள் ஏறிப் பார்த்தால் மைக்ரோவேவ், டோஸ்டர், காப்பி மெஷின், இன்ஸ்டன்ட் பாட், சிலவற்றில் இரட்டைக் கதவு வைத்த பெரிய ஃபிரிட்ஜ் கூட இருக்கிறது. கடையில் வீட்டுக்காக விற்ற அதே பொருள்கள்தாம். வீட்டில் இருந்ததுபோல அவை நடந்துகொள்வதில்லை என்பதுதான் விஷயம்.

நாம் மிக்ஸி என்று சொல்வது மிக்ஸியில் பாதிதான். மறுபாதி சுவருக்குப் பின்னால் இருக்கிறது: செம்புக் கம்பி, மீட்டர், தெருமுனை டிரான்ஸ்பார்மர், அதற்கும் அப்பால் எங்கோ ஓயாமல் சுழலும் டர்பைன். பிளக்கைச் சொருகும்போது இரண்டு பாதிகளும் சேர்கின்றன. மறுபாதியை நாம் வாங்கவில்லை, தூக்கவில்லை, துடைத்து வைக்கவும் இல்லை. ஆகவே அது இருப்பதே நமக்குத் தெரியாது. வண்டிக்குக் குடிபோகிறவர் முன்பாதியை மட்டும் பெட்டியில் கட்டி எடுத்துப் போகிறார். மறுபாதியை என்ன செய்வது என்ற கேள்வி போன முதல் வாரத்திலேயே வந்துவிடுகிறது.

கணக்கு இப்படி. அமெரிக்காவில் இன்று கட்டப்படும் தனி வீட்டுக்குப் பெரும்பாலும் 240 வோல்ட்டில் 200 ஆம்பியர் இணைப்பு கொடுக்கிறார்கள், அதாவது 48,000 வாட். முகாம் மைதானத்தில் வண்டி நிறுத்தும் இடத்துக்குப் பக்கத்தில் ஒரு குட்டைக் கம்பம் நிற்கும். சாதாரண வண்டிக்கு அதில் கிடைப்பது 120 வோல்ட்டில் 30 ஆம்பியர், 3,600 வாட். வீட்டுக்கு வருவதில் பதின்மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. பெரிய வண்டிகளுக்கு 50 ஆம்பியர் இணைப்பு உண்டு. அது இரண்டு கம்பிகளில் வருவதால் 12,000 வாட் கிடைக்கும். 30 ஆம்பியர் வண்டியில் கூரை ஏ.சி. ஓடும்போது சுமார் 1,500 வாட் இழுக்கிறது. ஆயிரம் வாட் என்று எழுதிய மைக்ரோவேவ் உண்மையில் சுவரிலிருந்து 1,500 வாட் வரை எடுக்கும், ஏனென்றால் பெட்டியில் எழுதியிருப்பது உணவுக்குள் போகும் சக்தி மட்டும். அந்த இரண்டும் ஓடும்போது யாராவது இன்ஸ்டன்ட் பாட்டைப் போட்டால் பிரேக்கர் விழுந்துவிடும்.

எனக்குத் தெரிந்த ஒரு தமிழ்த் தம்பதி வேலையிலிருந்து ஓய்வுபெற்றபின் குளிர்காலங்களை அரிசோனாவில் வண்டியில் கழிக்கிறார்கள். அவர்களை நான் அண்ணன், அண்ணி என்றே கூப்பிடுவேன். அந்த வண்டிக்குள் அடிக்கடி கேட்கும் வாக்கியம், “என்னங்க, இன்ஸ்டன்ட் பாட் ஓடுது, மைக்ரோவேவ் வைக்கப் போறேன், ஏசியை நிறுத்துங்க.” அவர் எழுந்து போய் நிறுத்துவார். இரண்டு நிமிடம் கழித்து, “ஆச்சா?” என்பார். “ஆச்சு, போடுங்க.” வீட்டில் இருந்த காலத்தில் அண்ணி எந்த நேரத்தில் எந்த மெஷினைப் போடுகிறார் என்பது அண்ணனுக்குத் தெரிந்திருக்கவே வழியில்லை. இப்போது தெரிகிறது. சமையல் என்பது ஒருவரின் தனி வேலையாக இருக்க அந்த வண்டி விடுவதில்லை. எனக்கு இது பெரிய மாற்றமாகப் படுகிறது. எத்தனையோ குடும்பங்களில் அறிவுரையும் சண்டையும் செய்ய முடியாததை ஒரு 30 ஆம்பியர் பிரேக்கர் செய்திருக்கிறது.

கம்பத்தை விட்டுப் பாலைவனத்துக்குள் போய் நின்றுவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். அங்கே மறுபாதி என்பது பேட்டரி. வண்டிகளில் வழக்கமாக இருக்கும் 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரியில் பெயருக்கு 1.2 யூனிட் மின்சாரம் உண்டு. பாதிக்குக் கீழே இறக்கினால் அதன் ஆயுள் குறையும் என்பதால் கைக்குக் கிடைப்பது 0.6 யூனிட். சராசரி அமெரிக்க வீடு ஒரு நாளைக்குச் செலவழிப்பது ஏறத்தாழ 30 யூனிட்.

அண்ணியின் அலமாரிக்கு மேலே, எலுமிச்சம்பழ அளவில், ஒரு வட்டமான பேட்டரி மீட்டர் இருக்கிறது. விடியற்காலையில் காப்பி மெஷினைப் போட்டதும் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷின் 900 வாட். 12 வோல்ட்டிலிருந்து அதைக் கொடுக்க வேண்டுமென்றால் இன்வெர்ட்டர் பேட்டரியிலிருந்து எண்பது ஆம்பியருக்கு மேல் உறிஞ்ச வேண்டும். வோல்ட் எண் 12.6இலிருந்து சட்டென்று கீழே இறங்கி 12ஐத் தாண்டி நின்றது. இன்வெர்ட்டரின் சின்ன விசிறி சுழல ஆரம்பித்தது. பேட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்புக் கேபிளைத் தொட்டால் இளஞ்சூடு. காப்பி சொட்டி முடிந்து மெஷினை அணைத்ததும் எண் மெல்ல மேலே ஏறியது, ஆனால் புறப்பட்ட இடத்துக்கு வரவில்லை. பத்து நிமிடக் காப்பிக்கு 150 வாட்-மணி. 5 வாட் எல்.இ.டி. விளக்கு ஒன்று முப்பது மணி நேரம் எரிய அது போதும்.

சூடாக்குகிற எதுவும் விலை அதிகம் என்பதுதான் வண்டியில் முதலில் புரிவது. வெளிச்சம் மலிவு. சுழற்சியும் மலிவு. 750 வாட் மிக்ஸி பெயரைக் கேட்டால் பயமாக இருக்கும். சட்னிக்கு இரண்டு நிமிடம் ஓடினால் 25 வாட்-மணியோடு முடிந்துவிடுகிறது. அறைச் சூட்டில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரவோ சுமார் 93 வாட்-மணி வேண்டும். எவ்வளவு சிக்கனமான கெட்டிலானாலும் அதற்குக் கீழே போகவே முடியாது, அது தண்ணீரின் இயல்பு. அதனால்தான் பழைய வண்டிகளில் அடுப்பு, வாட்டர் ஹீட்டர், அறைச் சூடு, ஃபிரிட்ஜ் நான்கையும் புரொப்பேன் வாயுவில் வைத்திருந்தார்கள். வாயுவுக்கும் அதன் தொல்லை உண்டு: ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீராவி உண்டாகிறது. குளிர்காலத்தில் ஜன்னலைச் சாத்திக்கொண்டு சமைத்தால் கண்ணாடியெல்லாம் நீர்கோத்து மரப்பலகை ஊறிப்போகும். கார்பன் மோனாக்சைடு ஆபத்து தனி. ஜன்னலைக் கொஞ்சமாவது திறந்து வைத்துவிட்டுத்தான் அடுப்பைப் பற்ற வைக்க வேண்டும்.

மிக்ஸியைப் பற்றிச் சொல்லும்போது ஒன்று. ஊரிலிருந்து கொண்டுபோன 230 வோல்ட் மிக்ஸி அங்கே சரியாக ஓடாது, 110 வோல்ட்டுக்கென்று செய்ததை வாங்க வேண்டும் என்பது அமெரிக்கத் தமிழர்கள் எல்லோருக்கும் தெரியும். வண்டியில் வாழும்போது புதிதாகத் தெரிய வருவது இன்வெர்ட்டரின் தரம். மலிவு விலை இன்வெர்ட்டர் தருவது படிக்கட்டு வடிவ மின் அலை. அதில் மோட்டார்கள் சூடேறும், மைக்ரோவேவ் உறுமும், மந்தமாகச் சமைக்கும். அலை சீராக வரும் இன்வெர்ட்டருக்குக் காசு கூடக் கொடுக்கத்தான் வேண்டும். இதில் மிச்சம் பிடிக்கப் பார்ப்பவர்கள் பிறகு மெஷினைக் குறை சொல்கிறார்கள்.

வாயுவில் ஓடும் ஃபிரிட்ஜைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லியாக வேண்டும். மனிதர்கள் செய்த அழகான இயந்திரங்களில் அது ஒன்று என்பது என் எண்ணம், அது இப்போது வழக்கொழிந்து வருகிறது. 1922இல் ஸ்டாக்ஹோமில் ராயல் தொழில்நுட்பக் கல்லூரி மாணவர்களான பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் மூன்டர்ஸ் இருவரும் அதை உருவாக்கினார்கள். சில ஆண்டுகளில் எலக்ட்ரோலக்ஸ் அதை வாங்கிக்கொண்டது. அதில் மோட்டார் இல்லை, பம்ப் இல்லை, நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லை. அடியில் சிறு நீலச் சுடர் ஒன்று எரிகிறது. சுடர் அம்மோனியா கலந்த நீரைச் சூடாக்குகிறது. அம்மோனியா ஆவியாகி மேலே ஏறி, வெளிக்காற்றில் ஆறித் திரவமாகி, உள்ளே வழிகிறது. உள்ளே காத்திருப்பது ஹைட்ரஜன். ஹைட்ரஜன் நிறைந்த இடத்தில் அம்மோனியாவின் பங்கு அழுத்தம் தாழ்ந்துவிடுவதால் அது குளிரிலேயே ஆவியாகிறது. ஆவியாவதற்கான வெப்பத்தை நம் பாலிலிருந்தும் தயிரிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. பிறகு நீர் அதை மறுபடி உறிஞ்சிக்கொள்ள, ஹைட்ரஜன் விடுபட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. நெருப்பை வைத்துக் குளிரைச் செய்கிறார்கள். இரவில் வண்டிக்கு வெளியே வந்து பக்கவாட்டுத் தகட்டைத் திறந்து காதை வைத்தால் சுடரின் மெல்லிய சீறலைத் தவிர வேறு சத்தம் கிடையாது.

எல்லாமே புவியீர்ப்பில் வழிவதால் வண்டி மட்டமாக நிற்க வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. சரிவில் நிறுத்தினால் திரவம் குழாயின் வளைவில் தேங்கும், அடியில் சுடர் எரிந்துகொண்டேயிருக்கும், கொதிகலம் வறண்டு சூடேறும். குழாய் அரிக்காமல் இருக்கக் கலந்த குரோமேட் உப்பு கட்டியாகி அடைத்துக்கொள்ளும். அப்புறம் குளிர்விக்கும் பகுதியையே மாற்ற வேண்டியதுதான். அதனால் பழைய ஆர்.வி.க்காரர்கள் எங்கே போய் நின்றாலும் முதலில் ரசமட்டத்தைத் தரையில் வைத்துப் பார்த்து, சக்கரத்துக்கு அடியில் பலகை சொருகுவார்கள். தான் நிற்கும் தரை எப்படிப்பட்டது என்று பார்க்க வைத்த இயந்திரம் அது.

இன்றைய பெரிய வண்டிகளில் அதை எடுத்துவிட்டு வீட்டு ஃபிரிட்ஜை வைக்கிறார்கள். கதவு வழியாக அது நுழையாது. பல வண்டிகளில் ஜன்னலைக் கழற்றித்தான் உள்ளே இறக்குகிறார்கள். இடம் அதிகம், குளிர் சீர், ஐஸ் கட்டியும் வரும். மட்டம் பார்க்க வேண்டியதில்லை. நாளுக்கு ஒன்று முதல் ஒன்றரை யூனிட் எடுக்கும், அதுகூடப் பரவாயில்லை. யாரும் கணக்கில் எடுக்காதது இன்வெர்ட்டரின் சொந்தச் செலவு. ஃபிரிட்ஜுக்காக அதை இரவும் பகலும் போட்டே வைக்க வேண்டும். ஒன்றும் செய்யாமல் விழித்திருக்க மட்டும் அது 30 வாட் எடுத்தால் ஒரு நாளைக்கு 0.72 யூனிட் போய்விடுகிறது. மேலே சொன்ன ஈய பேட்டரியில் கைக்குக் கிடைக்கும் மொத்தத்தைவிட அதிகம். ஆகவே அந்த வண்டி கம்பத்தை விட்டு நகர்வதில்லை, அல்லது லித்தியம் பேட்டரிகளுக்கும் கூரை நிறையச் சூரியப் பலகைகளுக்கும் பல ஆயிரம் டாலர் செலவழித்தவருடையதாக இருக்கிறது. விற்பனைக்கூடத்தில் அந்த ஃபிரிட்ஜின் பளபளப்பைக் காட்டுகிறவர்கள் இந்தக் கணக்கையும் சேர்த்துக் காட்ட வேண்டும். 12 வோல்ட்டில் நேரடியாக ஓடும் கம்ப்ரெசர் ஃபிரிட்ஜ் இன்வெர்ட்டரைக் கேட்பதில்லை. நடுவழி என்று பார்த்தால் அதுதான் நியாயம்.

வீட்டுப் பொருளை வண்டிக்கு ஏற்றும் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் ஜான் ஸ்டைன்பெக் செய்தது. 1960இல் ‘ரோசினான்டே’ என்று பெயரிட்ட பிக்கப் வண்டி வீட்டில் தன் நாயுடன் அமெரிக்காவைச் சுற்றி வந்தார். 1962இல் வெளிவந்த ‘டிராவல்ஸ் வித் சார்லி’ அந்தப் பயணத்தின் பதிவு. மூடி போட்ட பெரிய பிளாஸ்டிக் வாளியில் வெந்நீரும் சோப்பும் அழுக்குத் துணியும் போட்டு, ரப்பர் கயிற்றில் அலமாரிக்குள் தொங்கவிட்டுவிட்டு வண்டியை ஓட்டினார். மேடு பள்ளம் துவைத்துக் கொடுத்தது. வாஷிங் மெஷினின் மறுபாதியை அவர் சாலையிலேயே கண்டுபிடித்துவிட்டார். வண்டியில் நன்றாக வாழ்பவர்களை உற்றுப் பார்த்தால் அவர்கள் செய்வதும் இதுதான். வீட்டிலிருந்து எந்தப் பொருளைக் கொண்டுவருவது என்று யோசிப்பதோடு, அதற்கு வேண்டிய மறுபாதி இந்த இடத்தில் எந்த உருவில் கிடைக்கும் என்றும் பார்க்கிறார்கள்.

அரிசோனாவின் குவார்ட்சைட் அப்படிப் பார்க்கத் தெரிந்தவர்கள் கூடும் ஊர். சில ஆயிரம் பேர் வாழும் அந்தப் பாலைவன ஊருக்குக் குளிர்காலத்தில் லட்சக்கணக்கானோர் வண்டிகளோடு வருகிறார்கள். பக்கத்திலுள்ள லா போசா அரசு நிலத்தில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை தங்க நெடுங்காலம் 180 டாலர்தான் கட்டணமாக இருந்தது. அங்கே முக்கியச் சமையல் மதியம் நடக்கிறது. காலையில் ஏறும் வெயில் பகல் பன்னிரண்டு, ஒரு மணிக்குள் பேட்டரியை ஏறத்தாழ நிரப்பிவிடும். அதற்குமேல் கூரைப் பலகையால் தர முடிவதைப் பேட்டரி வாங்கிக்கொள்ளாது, வீணாகப் போகும். அந்த உபரி நேரத்தில்தான் அங்குள்ளவர்கள் பீன்ஸைப் போடுகிறார்கள், சோறு வைக்கிறார்கள், ரொட்டி சுடுகிறார்கள். ராத்திரிச் சாப்பாடு மதியமே தயாராகிப் போர்வையில் சுற்றி வைக்கப்பட்டிருக்கும். மின்வெட்டு அட்டவணையைப் பார்த்து மாவாட்டிய தமிழ்நாட்டுப் பெண்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

வண்டியில் கொண்டாடப்படும் வீட்டுப் பொருள் இன்ஸ்டன்ட் பாட். கனடாவின் ஒட்டாவாவில் ராபர்ட் வாங் என்ற பொறியாளர் கூட்டாளிகளோடு சேர்ந்து 2010இல் வெளியிட்ட மின் குக்கர் அது. 6 குவார்ட் அளவுள்ளது 1,000 வாட் இழுக்கும். அழுத்தம் ஏறும்வரைதான் அந்தப் பசி. அப்புறம் விட்டுவிட்டுக் கொஞ்சம் எடுத்துக்கொள்ளும். மூடியிருப்பதால் வண்டிக்குள் ஆவி குறைவு. மலைக்குப் போனால் குக்கர் வசதி என்பதைத் தாண்டித் தேவையாகிவிடுகிறது. கொலராடோவின் லெட்வில் நகரம் 10,152 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் பருப்பு கொதித்துக்கொண்டே இருக்கும், குழையாது. அண்ணி அங்கே போகும்போது இன்ஸ்டன்ட் பாட்டோடு விசில் குக்கரையும் எடுத்துக்கொள்கிறார். “கரண்ட் இல்லேன்னாலும் இது இருக்கு” என்பார்.

இதுவரை சொன்னதெல்லாம் கையில் கொஞ்சமாவது காசு உள்ளவர்களின் சமையல். வேறொரு கூட்டமும் அதே பாலைவனத்தில் நிற்கிறது. 2008 நிதி நெருக்கடியில் வீடு போனவர்கள், ஓய்வூதியம் வாடகைக்குப் போதாதவர்கள் வேன்களில் வாழத் தொடங்கியதை ஜெசிகா புரூடர் 2017இல் ‘நோமேட்லாண்ட்’ என்ற புத்தகமாக எழுதினார். அதை வைத்துக் குளோயி சாவ் எடுத்த படம் 2021இல் சிறந்த படத்துக்கான ஆஸ்கர் பெற்றது. அந்த வேன்களில் பலவற்றின் சமையலறை ஒற்றை பியூட்டேன் அடுப்பும் ஒரு ஐஸ் பெட்டியும்தான். குளிர் அவர்களுக்குத் தவணைச் செலவு. அரிசோனா வெயிலில் ஓரிரு நாளுக்கு ஒரு பை ஐஸ் வாங்க வேண்டும், ஊர்வரை ஓட்டிப்போகப் பெட்ரோலும் வேண்டும். உருகிய நீரில் வெண்ணெயும் இறைச்சியும் ஊறிக் கெடும். ஒரே தடவையில் சில நூறு டாலர் கொடுத்து 12 வோல்ட் குளிர்பெட்டியும் ஒரு சூரியப் பலகையும் வாங்கியவரைவிட, வாங்க முடியாதவர் ஒரு வருடத்தில் குளிருக்காக அதிகம் செலவழித்துவிடக்கூடும்.

அமெரிக்க அரசின் உணவு உதவித் திட்டமான ‘ஸ்நாப்’, பழைய பெயரில் ஃபுட் ஸ்டாம்ப், இவர்களில் பலருக்குக் கைகொடுக்கிறது. அதன் விதிகளை எழுதியவர்கள் ஒவ்வொரு ஏழைக்கும் ஒரு சமையலறை இருக்கிறது என்று எண்ணிக்கொண்டு எழுதியிருக்கிறார்கள். கடையில் சூடாக விற்கும் உணவை அந்தத் திட்டம் தரும் அட்டையால் வாங்க முடியாது. வறுத்த கோழியை ஆறவைத்துக் குளிர்பெட்டியில் வைத்து விற்றால் வாங்கலாம், அதே கோழி விளக்கின் கீழ் சூடாக இருந்தால் கூடாது. முதியவர்கள், ஊனமுற்றோர், வீடற்றோர் சில உணவகங்களில் சாப்பிடலாம் என்ற விதிவிலக்கை அரிசோனா, கலிபோர்னியா போன்ற சில மாநிலங்கள் மட்டும் கொடுத்திருக்கின்றன. காய்ந்த பின்டோ பீன்ஸை அந்த அட்டையால் மூட்டையாகவே வாங்கலாம். அதை வேகவைக்கும் குக்கரை, அடுப்புக்கான வாயுவை வாங்க முடியாது. உணவுக்குக் கொடுக்கும் உதவியில் உணவைச் சூடாக்கவும் கெடாமல் வைக்கவும் ஒரு பங்கு இருந்தே ஆக வேண்டும். வேனில் வாழும் எழுபது வயதுக்காரருக்கு ஒரு குக்கரும் ஒரு சிறு குளிர்பெட்டியும் ஒருமுறை வாங்கிக் கொடுத்துவிட்டால், அவர் அட்டையில் மாதாமாதம் விழும் பணம் ஐஸ் நீரில் ஊறிப் போகாது.